கோச் என்னைக் கும்பிட்ட கோடை

புதன்கிழமை முதியோர் ஒன்றுகூடலில் நீங்கள் பேரப்பிள்ளைகளின் விளையாட்டுக் கதைகளை எடுத்துவிடும்போது நான் மட்டும் தேநீர்க் கோப்பையோடு குசினிப் பக்கம் எழும்பிப் போவதைக் கவனித்திருப்பீர்கள். ஒருவரின் பேத்தி கோல் போட்டாளாம், இன்னொருவரின் பேரன் ஐந்து விக்கெட் எடுத்தானாம். எனக்கு எரிச்சல் என்று நினைத்திருப்பீர்கள். எரிச்சல்தான், மறைக்கவில்லை. ஆனால் உங்கள் பேரப்பிள்ளைகள் மீது அல்ல.

எனக்கும் ஒரு விளையாட்டுக் கதை இருக்கிறது. எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை முழுவதும் நான் மெல்பேர்னில் ஒரு அணியில் விளையாடினேன். அந்தக் கோடை முழுவதும் ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை. அடிக்கத் தெரியாமல் அல்ல. இதை இத்தனை காலமும் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நீங்களும் என் வயதுக்காரர்தான், உங்கள் அப்பாமாரும் என் அப்பாவைப் போலத்தான் இருந்திருப்பார்கள், அதனால் சொல்கிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மெல்பேர்னின் ஓரத்தில், டண்டினோங்கில் ஒரு வாடகை வீடு. அந்தத் தெருவில் எங்களைத் தவிர கறுப்புத் தோல் என்றால் எதிர்வீட்டு நாய் மட்டும்தான். கோயில் கிடையாது. சாமிப் படங்களை அம்மா வீட்டு நடையில் இருந்த படுக்கைவிரிப்பு அலுமாரியில், தலையணை உறைகளுக்கும் துவாய்களுக்கும் நடுவில் வைத்திருந்தா. வெள்ளிக்கிழமைகளில் அலுமாரிக் கதவைத் திறந்து சூடம் காட்டுவோம். எங்கள் வீட்டுத் துவாய்களில் எப்போதும் சூட மணம் இருக்கும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட நீச்சல் வகுப்புக்குப் போனால் பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள்.

அப்பா ஊரில் பொறியியலாளர். இங்கே ஒரு தொழிற்சாலையில் படம் வரையும் வேலை. முதல் ஆறு மாதமும் பரிசோதனைக் காலம், பிடிக்காவிட்டால் போகச் சொல்லலாம். அவருக்கு மேலே இருந்த ஃபோர்மன் சனிக்கிழமைகளில் பெண்பிள்ளைகளுக்கான ஒரு சொஃப்ட்போல் அணியின் கோச். சொஃப்ட்போல் என்பது பேஸ்போலின் தங்கச்சி. பந்து கொஞ்சம் பெரிது, கையைக் கீழே சுழற்றி எறிவார்கள், மற்றபடி ஒன்றுதான். அடித்துவிட்டு ஓடவேண்டும், நான்கு மூலையையும் சுற்றி வந்தால் ஒரு ஓட்டம்.

தொழிற்சாலைச் சுற்றுலா ஒன்றில்தான் அந்த மனிதர் என்னைப் பார்த்தார். யாரோ எறிந்த பந்து ஒன்று சாப்பாட்டு மேசைப் பக்கம் வந்தது. அது உருளைக்கிழங்குச் சலாட்டுக்குள் விழமுதல் நான் ஒற்றைக் கையால் பிடித்துவிட்டேன். அணியில் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். ஒன்பது பேர் இல்லாவிட்டால் விளையாடவே விடமாட்டார்கள். அவர் அப்பாவின் தோளில் கை போட்டு, "உன் மகளை எனக்குத் தா" என்று கேட்டார். பரிசோதனைக் காலத்தில் இருக்கிற மனிதர் என்ன சொல்வார்? பல்லெல்லாம் தெரியச் சிரித்துத் தலையாட்டினார்.

அதே சுற்றுலாவில்தான் இன்னொன்றும் நடந்தது. அவர் சொசேஜ் சுட்டுக்கொண்டு வந்து நீட்ட, அப்பா "மாடு சாப்பிடமாட்டோம், எங்கள் சமயம்" என்றார். அவர் உடனே தட்டை இழுத்துக்கொண்டு, ஏதோ பெரிய பிழை செய்தவர்போல மன்னிப்புக் கேட்டார். எனக்குப் பாணும் வதக்கின வெங்காயமும் கிடைத்தன. சமயம் என்ற ஒரு சொல்லுக்கு இந்த நாட்டில் இவ்வளவு மரியாதையா என்று அப்பா அன்றைக்கு மனதில் குறித்து வைத்திருக்கவேண்டும்.

போட்டிகள் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால் நான் பெரியபிள்ளையானேன். தலைக்குத் தண்ணீர் வார்க்க மாமி இல்லை, கிணறு இல்லை. குளியல் தொட்டிக்குள் என்னை இருத்தி, பிளாஸ்டிக் வாளியால் வார்த்தவர் ஆஸ்பத்திரி அன்ரி. அவர் எங்களுக்கு இரண்டு வருடம் முன்னால் வந்தவர், அம்மாவுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ப் பெண். ஆஸ்பத்திரியில் வேலை செய்ததால் அப்படிப் பெயர். வேலை அங்கே குசினியில், கரட் வெட்டுவது. ஆனாலும் அவர் வாயால் வந்ததெல்லாம் அம்மாவுக்கு மருத்துவம். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்கவைத்து, ஒரு கிழமை பள்ளிக்கூடம் போகாமல் மறித்தார்கள். அப்பா தன் அழகான கையெழுத்தில் வகுப்பு ஆசிரியைக்குக் கடிதம் எழுதினார். என் மகளுக்குக் கடும் காய்ச்சல் என்று இருந்தது. நான் அதை மடித்துப் பைக்குள் வைக்கும்போது சிரித்தேன். அப்பாவுக்கு இப்படி நோகாமல் பொய் எழுத வருகிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்தக் கிழமைதான் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவும் அன்ரியும் அப்பாவும் நெடுநேரம் கதைத்தார்கள். எனக்குத் தெளிவாகக் கேட்டது முடிவில் அம்மா சொன்னதும் அதற்கு அப்பாவின் பதிலும்தான்.

"அவள் போகத்தான் வேணுமெண்டால் போய் நிக்கட்டும். ஆனால் நான் சொன்னதை அந்த மனுசனிட்டச் சொல்லிப்போடுங்கோ."

"சொல்லுறன், சொல்லுறன்" என்றார் அப்பா. பாம்பும் சாகக்கூடாது, தடியும் முறியக்கூடாது என்கிற குரல் அது. என்ன சொல்லப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. விட்டார்களே, அது போதும் என்றிருந்தது.

அப்பா பழைய சாமான் கடையில் ஒரு தோல் கையுறை வாங்கித் தந்தார். யாரோ இடக்கைக்காரன் பாவித்தது, எனக்குப் பெருவிரல் மாறி இருந்தது. ஆனாலும் அதன் மணம் இருக்கிறதே, தோலும் எண்ணெயும் வேறொருவரின் வியர்வையும். தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

அணியைப் பற்றிச் சொல்லவேண்டும். பந்தெறிய எங்களிடம் ஆள் இருந்தது. கோச்சின் மகள் என் வகுப்புத்தான், கையைக் காற்றாடி மாதிரிச் சுழற்றி எறிவாள். பிடிக்கவும் ஆள் இருந்தது. அடிக்கத்தான் ஒருத்தியும் இல்லை. ஒருத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றுவாள். இன்னொருத்தி பந்து பின்னால் நிற்பவளின் கைக்குள் போய்ச் சேர்ந்த பிறகு சுழற்றுவாள். மூன்றாமவள் நன்றாக அடிப்பாள், ஆனால் அடித்துவிட்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிப்பாள். முதல் போட்டியில் ஒன்றுக்குப் பூச்சியம், இரண்டாவதில் இரண்டுக்குப் பூச்சியம், மூன்றாவதில் மறுபடி ஒன்றுக்குப் பூச்சியம். பூச்சியம் எப்போதும் எங்களுடையது.

கோச் செய்யாத வைத்தியம் இல்லை. அடிக்கும் வரிசையைத் தலைகீழாக்கினார். பழைய கார் டயரை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு அதை அடிக்கச் சொன்னார். தன் காசில் ஒரு புது மட்டை வாங்கி வந்தார், பிடியில் கறுப்பு நாடா சுற்றியது. ஒவ்வொருத்தியும் அதைத் தூக்கிப் பார்த்து, "ஓ, இதுதான்" என்றாள். அடுத்த சனிக்கிழமையும் பூச்சியம்தான்.

என் கதை வேறு. மற்றவர்கள் அடித்துப் பழகும்போது கோச் என்னை மைதானத்தின் வலது ஓரத்துக்கு அனுப்பிப் பந்து பொறுக்கவைப்பார். முதல் போட்டியில் என் முறை வந்தபோது, மட்டையைத் தூக்கிக்கொண்டு போய் நின்று, எல்லாரையும் போல அவரைத் திரும்பிப் பார்த்தேன். கோச்மார் தூரத்தில் நின்று சைகை காட்டுவார்கள். தொப்பியைத் தொட்டால் ஒன்று, இடுப்புப்பட்டியைத் தொட்டால் இன்னொன்று. எனக்கு அவர் எதையும் தொடவில்லை. இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து மெல்லத் தலையைக் குனிந்தார்.

போட்டிக்கு முன்னரே சொல்லியிருந்தார், "உனக்கு நான் கையைச் சேர்த்தால் அடிக்காதே, அசையாமல் நில்" என்று. நான் சின்னவள், கட்டை. தோளுக்கும் முழங்காலுக்கும் நடுவில் எறிந்தால்தான் பந்து சரி. என் தோளுக்கும் முழங்காலுக்கும் நடுவில் இடமே இல்லை. நான்கு தரம் பிழையாக எறிந்தால் அடிக்காமலே முதல் மூலைக்கு நடந்து போகலாம். இலவசம். அப்படித்தான் போனேன். அடுத்த தரமும் அவர் கையைச் சேர்த்தார், அடுத்த தரமும் நடந்தேன். நடந்து போய் முதல் மூலையில் நின்று, பின்னால் வருபவள் ஒருத்தியாவது அடிக்கமாட்டாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தியும் அடிக்கவில்லை.

முதல் மூன்று நான்கு போட்டிவரை எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு கை அரிக்கத் தொடங்கியது. பக்கத்தில் டொக் என்று ஒரு சத்தம் கேட்கும்போது, அந்தச் சத்தம் என் கையிலிருந்து வரவேண்டும் என்று நான் ஏங்கிய ஏக்கம் சொல்லிமாளாது. ஒரே ஒரு தரம். ஓட்டம் வேண்டாம், வெற்றி வேண்டாம், ஒரே ஒரு தரம் சுழற்றவேண்டும்.

எங்கள் பின்வளவில் ஒரு தேசிமரம், எலுமிச்சை, இருந்தது. கோடையில் காய் உதிர்ந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அம்மா தையல் மெஷினில் இருக்கும் நேரம், நான் வீடு கூட்டுகிற தும்புத்தடியின் பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு கராஜுக்குப் பின்னால் போவேன். இடக்கையால் ஒரு தேசிக்காயை மேலே எறிந்து, அது கீழே வரும்போது இரண்டு கையாலும் தடியைப் பிடித்து ஒரு சுழற்று. இடுப்பிலிருந்து வரவேண்டும் என்று கோச் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை வலது ஓரத்திலிருந்து ஒட்டுக்கேட்டிருந்தேன். தேசிக்காய் வெடித்து முகத்தில் தெறிக்கும், கண் எரியும். பின்வேலிக்கு அப்பால் ரயில்பாதை. நல்ல அடி என்றால் காய் பாதையைத் தாண்டிப் போகும். ஒருநாளைக்கு முப்பது, நாற்பது. கோடை நடுவில் நான் பத்தில் எட்டைப் பாதைக்கு அப்பால் அடித்தேன். கை எல்லாம் தேசிப்புளி மணம். அம்மா சோறு போடும்போது முகர்ந்து பார்த்து, "என்ன பிள்ளை, தேசிக்காய் தின்னுறியோ? இரத்தம் முறிஞ்சு போமடி" என்பா.

யோசித்துப் பாருங்கள். அணி அடிக்க ஆளில்லாமல் செத்துக்கொண்டிருக்கிறது. அடிக்கக்கூடிய ஒருத்தி, மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறாள்.

கிறிஸ்மஸ் கழிந்த பிறகு மற்ற அணிகளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இந்தக் கட்டைப் பெட்டை அடிக்கமாட்டாள். அவர்கள் வேகத்தை விட்டுவிட்டு, சின்னப்பிள்ளைக்கு எறிவதுபோல மெதுவாக, நடுவில் எறியத் தொடங்கினார்கள். மூன்று சரியான பந்தை விட்டால் ஆட்டமிழப்பு. ஒன்று, இரண்டு, மூன்று, போ. இப்போது எனக்கு இலவச நடையும் இல்லை. அப்போதும் கோச் கையைச் சேர்த்தார். அவர் என்னைக் கெஞ்சுகிறார் என்றே நினைத்தேன். தயவுசெய்து அடித்துக் கெடுத்துவிடாதே என்று. என்னை அவ்வளவு உதவாதவள் என்று நினைக்கிறாரே என்று வீட்டுக்குப் போகும் வழியில் அழுதிருக்கிறேன்.

இன்னொன்று. அந்தப் பெண்கள் ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை. கண்ணை மூடி அடிப்பவளுக்கு என்ன கிழி கிழித்தார்கள் தெரியுமா? என்னை மட்டும் முதுகில் தட்டி, "பரவாயில்லை" என்றார்கள். எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டிய இடம் அது. பன்னிரண்டு வயதில் அன்பைச் சந்தேகப்படத் தெரியவில்லை.

ஒருநாள் பயிற்சி முடிந்து மட்டைகளைச் சாக்கில் கட்டும்போது துணிந்து கேட்டேன், "நான் ஒருதரம் அடிக்கலாமா?" கோச் சாக்கை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். சிவந்த பெரிய முகம், மூக்கில் எப்போதும் வெள்ளைக் களிம்பு.

"உனக்கு ஆசையா?" என்று கேட்டார்.

"ஓம்" என்று தமிழில்தான் வாயில் வந்தது. பிறகு தலையாட்டினேன்.

"உன் அப்பாவோடு பேசுகிறேன்" என்றார்.

என் ஆட்டத்துக்கும் அப்பாவுக்கும் என்ன என்று விளங்கவில்லை. ஆனால் அப்பாவிடம் போனால் காரியம் வென்றது என்று நினைத்தேன். நான் கணக்கில் முதலாவதாக வந்ததற்குத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர். திங்கட்கிழமை அவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுமட்டும் வாசலிலேயே நின்றேன்.

"அப்பா, கோச் உங்களோடை கதைச்சவரோ?"

அப்பா சப்பாத்து நாடாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "ஓம், கதைச்சவர்."

"என்ன சொன்னவர்?"

"நீ நல்லாச் செய்யிறியாம். சொல்லுறதைக் கேட்டு ஒழுங்கா நிக்கிறியாம்."

"அடிக்கிறதைப் பற்றி?"

"அது அவருக்குத் தெரியும் பிள்ளை. அவர்தானே கோச். கடைசி மட்சுக்கு நானும் வாறன், என்ன?"

கடைசி மட்ச் வந்தது. மார்ச் மாதம், வடக்கிலிருந்து அனல் காற்று, வாயைத் திறந்தால் இலையான் பறந்து உள்ளே போகும். அதுவரை நாங்கள் ஒரு போட்டியும் வெல்லவில்லை. கோச் எங்களை வட்டமாக நிற்கவைத்து, "ஒன்று, ஒன்றே ஒன்றை வென்றுவிட்டு வீட்டுக்குப் போவோம்" என்றார். அப்பா சொன்னபடி வந்திருந்தார். நீளக் காற்சட்டை, கழுத்துப்பட்டி, எண்ணெய் வைத்து வாரிய தலை. கம்பிவேலிக்கு வெளியே கோயிலுக்கு வந்தவர்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கோச்சின் மகள் அன்றைக்கு உயிரைக் கொடுத்து எறிந்தாள். எதிர் அணிக்கு ஒரே ஒரு ஓட்டம். எங்களுக்கு வழக்கம்போல ஒன்றுமில்லை. கடைசிச் சுற்று, எங்கள் பக்கம் இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று, மூன்றாமவளும் போனால் ஆட்டம் முடிந்தது. ஆனால் கோச்சின் மகள் எப்படியோ அடித்து மூன்றாவது மூலையில் நின்றாள், கண் மூடி அடிப்பவள் கண்ணை மூடியே ஒன்றைத் தட்டி இரண்டாவது மூலையில் நின்றாள். ஒரு நல்ல அடி விழுந்தால் இருவரும் ஓடி வருவார்கள், நாங்கள் வென்றுவிடுவோம். அடுத்தது என் முறை.

மட்டையைத் தூக்கினேன். தும்புத்தடியைவிடக் கனம், ஆனால் கைக்கு அது தேவைப்பட்டது. எதிரில் எறிபவள் களைத்துப்போயிருந்தாள். முதல் பந்து மெதுவாக, நடுவாக, வெயிலில் தையல் தெரிய வந்தது. கராஜுக்குப் பின்னால் நான் மேலே எறியும் தேசிக்காய்கூட அவ்வளவு நல்ல உயரத்தில் வருவதில்லை. விட்டேன். நடுவர் கையைத் தூக்கினார்.

கோச்சைப் பார்த்தேன். அவர் மகள் மூன்றாவது மூலையில் நின்று அவரைப் பார்த்தாள், அணி முழுக்க அவரைப் பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கையைச் சேர்த்தார்.

இரண்டாவது பந்து. விட்டேன். நடுவர் கையைத் தூக்கினார்.

அப்பாவைப் பார்த்தேன். ஊரில் கல்லூரி அணிக்கு கிரிக்கெட் ஆடியவர். அடிக்கவேண்டிய பந்து எது என்று அவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவர் ஒரு விரலை அசைத்திருந்தால் போதும், நான் அடித்திருப்பேன். அவர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது பந்தும் அதே இடத்தால் போனது. நான் நின்றேன். பெரியவர்கள் சொன்னால் செய்கிற பிள்ளையாக என்னை வளர்த்திருந்தார்கள், வேறென்ன. நடுவரின் குரலுக்குப் பிறகு எதிர் அணிக்காரிகள் குதித்த சத்தம் கேட்டது.

நான் மட்டையை வைத்த இடத்திலேயே குந்தி அழுதேன். கோச்சின் மகள் மூன்றாவது மூலையிலிருந்து நடந்து வந்து பக்கத்தில் இருந்தாள். அவள் முகமெல்லாம் புழுதி, கண்ணீர் ஓடிய இடம் மட்டும் வெள்ளைக் கோடு. என் தோளில் கை போட்டுச் சொன்னாள்:

"அழாதே. உன்னில் பிழை இல்லை. உங்கள் சமயத்தில் பெண்பிள்ளைகள் மட்டை சுழற்றக்கூடாதாமே. முதல் கிழமையே டாட் எங்களுக்குச் சொல்லிவிட்டார். உன்னைக் கேட்டு வருத்தப்படுத்தக்கூடாது என்றும் சொன்னார்."

"எங்கள் சமயத்திலா? யார் சொன்னது?"

"உன் அப்பா."

அலுமாரியில் துவாய்களுக்கு நடுவில் இருக்கும் சாமிகளை நினைத்துப் பார்த்தேன். முருகனுக்குக் கையில் வேல். அம்மனுக்குப் பதினெட்டுக் கை, ஒவ்வொன்றிலும் வாள், சூலம், கதை, கோடாரி என்று ஒவ்வொரு ஆயுதம். அவளா எனக்கு மட்டை சுழற்றக்கூடாது என்று சொன்னவள்? கோச் கையைச் சேர்த்தது கெஞ்சல் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. அந்த மனிதர் ஒரு கோடை முழுவதும், தோற்றுத் தோற்று, எங்கள் சாமிக்கு மரியாதை செய்திருக்கிறார். நான் மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்ததெல்லாம் அப்பாவுக்குச் சேரவேண்டியது.

காரில் ஏறியதும் கேட்டேன். "அப்பா, எங்கட சமயத்தில மட்டை சுழற்றக்கூடாதெண்டு எங்கை இருக்குது?"

அவருடைய காது சிவந்தது. கறுத்த காது சிவப்பதை நான் முதல்தரம் பார்த்தேன்.

"பிறகு கதைப்பம் பிள்ளை."

"இப்ப சொல்லுங்கோ."

"ஸ்ஸ். ட்ரைவ் பண்ணேக்கை கதைக்காதை."

வீட்டுக்குப் போயும் பிறகு என்றார். மறுநாளும் பிறகு என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கேட்டு, அவர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொன்னால் தாங்கமாட்டேன் என்று பயமாக இருந்தது.

இரண்டு கிழமையால் கோச் வீட்டுப் பின்வளவில் பரிசளிப்பு. அம்மா காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு வந்தா. எல்லாருக்கும் ஒரு சின்னக் கிண்ணம், அதன் மேல் தங்க நிறப் பிளாஸ்டிக்கில் ஒரு பெண், இடுப்பை முறித்து மட்டையைச் சுழற்றியபடி. எனக்குத் தரும்போது கோச் தொப்பியைக் கழற்றினார். இந்தப் பிள்ளைக்கு அடிக்க எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும், ஆனால் வெற்றியைவிடத் தன் நம்பிக்கை பெரிதென்று எங்களுக்குக் காட்டிவிட்டாள், இந்த அணியில் இவளைவிடத் தைரியசாலி இல்லை என்றார். எல்லாரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். முதலில் தட்டியது அப்பா.

"என்னவாம் சொல்லுறார்?" என்று அம்மா அவரைச் சுரண்டினா.

"எங்கட சமயத்தைப் புகழுறார்" என்றார் அப்பா.

அம்மா முகம் மலர்ந்து, கோச்சைப் பார்த்துக் கும்பிட்டா. கோச்சும் திருப்பிக் கும்பிட்டார். நடுவில் நான் அந்தப் பிளாஸ்டிக் பெண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது இருந்த கோபத்தில் அதை அப்பாவின் தலையில் எறிந்திருக்கலாம். கை தட்டினாரே என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பொய் சொன்னதைக்கூட மன்னித்திருப்பேன்.

கிண்ணத்தை அப்பா தொலைக்காட்சிக்கு மேலே வைத்தார். வருபவர்களுக்கெல்லாம் மகளின் பரிசு என்று காட்டுவார். ஒருநாள் நான் அந்தப் பெண்ணின் மட்டையைத் திருகி உடைத்துத் தேசிமரத்தடியில் எறிந்தேன். பிறகு அவள் வெறுங்கையைத் தூக்கிக்கொண்டு ஆட வந்தவள்போல நின்றாள். அப்பா அதைக் கவனித்தாரோ தெரியாது. அந்த வீடு மாறும்போது கிண்ணமும் கையுறையும் எங்கே போயின என்று தெரியவில்லை. நான் தேடவில்லை. அடுத்த கோடைக்குக் கோச் கேட்டு வந்தபோது படிப்பு இருக்கிறது என்று நானே சொல்லிவிட்டேன். எனக்கும் பொய் வந்தது.

ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரிய இன்னும் பதினைந்து வருடம் சென்றது. என் மூத்தவள் பிறந்த மறுநாள் அது. அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, பிள்ளையை மடியில் வைத்து உச்சி முகர்ந்துவிட்டுச் சொன்னா:

"பாத்தியோ, ஒரு கரைச்சலும் இல்லாமல் பிறந்திட்டுது. அப்பவே உன்னை அந்த மட்டை அடிக்க விடாமல் மறிச்சது எவ்வளவு நல்லது."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"ஆஸ்பத்திரி அக்கா அப்பவே சொன்னவ. பெரியபிள்ளையான கையோட இடுப்பை முறிச்சு முறிச்சு அடிச்சால் கர்ப்பப்பை புரண்டு போமெண்டு. ஓடட்டும், நிக்கட்டும், அடிக்கிறது மட்டும் வேண்டாமெண்டு நான் ஒற்றைக்கால்ல நிண்டனான். உன்ர அப்பா பாவம், ஒரு வெள்ளைக்கார ஆம்பிளையிட்டப் போய்க் கர்ப்பப்பை எண்டு எப்பிடிச் சொல்லுறது? வெக்கத்தில சமயமெண்டு சொல்லிப்போட்டார்."

கரட் வெட்டுகிற அன்ரியின் வைத்தியமும் அப்பாவின் வெட்கமும். இதற்குத்தான் ஒரு அணி ஒரு கோடை முழுவதும் தோற்றது. என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் உடம்பைப் பற்றி அன்ரிக்குத் தெரிந்தது, கோச்சுக்கும் எட்டுப் பெண்களுக்கும் பொய்யாவது தெரிந்தது. எனக்குத்தான் ஒன்றும் தெரியாது. சிரிப்புத்தான் முதலில் வந்தது, தையல் போட்ட இடம் நொந்தது. அதற்குப் பிறகு வந்தது சிரிப்பு இல்லை.

"அம்மா" என்றேன். "நான் அந்தக் கோடை முழுக்க அடிச்சனான். ஒவ்வொரு நாளும். கராஜுக்குப் பின்னால நிண்டு தும்புத்தடியால தேசிக்காய் அடிச்சனான். நாளுக்கு நாப்பது. இடுப்பை முறிச்சுத்தான் அடிச்சனான்."

அம்மா என்னைப் பார்த்தா. பிள்ளையைப் பார்த்தா. பிள்ளையின் கை, கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தா, எண்ணுகிறவபோல. வெளியே நடையில் அப்பாவின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அம்மா அவசரமாகக் குனிந்து என் காதுக்குள் சொன்னா:

"அப்பாவிட்டச் சொல்லிப்போடாதை. பாவம், தாங்கமாட்டார்."

கதவைத் திறந்துகொண்டு அவர் கையில் பூங்கொத்தோடு வந்தார். பேத்தியைப் பார்த்து எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். அவர் போய் இப்போது ஒன்பது வருடம். கடைசிவரை நான் சொல்லவில்லை. அவரும் என்னிடம் சொல்லவில்லைத்தானே.